அனுப்பியவர் பெயர்

4 அக்டோபர் 2004, திங்கள்

ஓய்வு பெற்று நான்கு மாதம் முடிந்துவிட்டது. இன்னும் நாலரை மணிக்கு விழிப்பு தட்டுகிறது. எழுந்து, குளித்து, தலை வாரி, கொண்டை போட்டு முடித்த பிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது நினைவுக்கு வருகிறது. இன்று கொண்டை போட்டதோடு நிற்காமல் ஊசிகளையும் குத்தியிருந்தேன், மேலே தொப்பி வைக்கப்போகிறவள் மாதிரி.

மாவு அரைத்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பிரிவு உபசாரத்தில் ஆஸ்பத்திரி ஊழியர்கள் கொடுத்த கம்ப்யூட்டரில் மெயில் பார்த்தேன். மூன்று வந்திருந்தன. மூன்றும் எங்கள் செட்டில் நர்சிங் படித்தவர்களிடமிருந்து. அறுபத்து நாலில் பாளையங்கோட்டையில் சேர்ந்த முப்பத்தாறு பெண்களில் ஊரைவிட்டுப் போகாதவள் நான் ஒருத்திதான். அதனால் எல்லார் விலாசமும் என்னிடம். "தங்கம், கமலாவின் போன் நம்பர் இருக்கிறதா?" "தங்கம், வயலட் இப்போது எங்கே?" மூன்றுக்கும் பதில் போட்டேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கேட்டது அவ்வளவுதானே.

6 அக்டோபர், புதன்

சாளை மீன் வந்தது. ஒருத்திக்கு எவ்வளவு வேண்டும்? பாதியைக் கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தேன்.

பகலில் ஒரு மெயில். ஆங்கிலத்தில் இரண்டு வரிதான். 'ரொம்ப நாளாக உனக்கு அனுப்ப நினைத்திருந்தது. திறந்து பார்.' கூடவே ஒரு படம். திறந்தேன், திறக்கவில்லை. திரும்பவும் தட்டினேன். ஏழெட்டு முறை தட்டியிருப்பேன். படம் வரவே இல்லை. கம்ப்யூட்டர் மட்டும் மலை ஏறுகிறவள்போல இரைந்துகொண்டிருந்தது.

பதில் எழுதலாமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை. மாலை அப்படியே போய்விட்டது.

7 அக்டோபர், வியாழன்

இங்கிலாந்திலிருந்து ரூபி போன் செய்தாள். லீட்ஸில் மகள் வீட்டோடு இருக்கிறாள். நான்கு மாதத்தில் வந்த முதல் போன். சந்தோஷமாக எடுத்தேன்.

"ஏட்டி தங்கம், என்னத்தட்டி எனக்கு அனுப்பி வச்சிருக்க?"

"நான் ஒண்ணும் அனுப்பலியே."

"ஒன் பேர்லதாம்ட்டி வந்திருக்கு. ரொம்ப நாளா அனுப்ப நெனச்சேன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்க. நான் தொறக்கப் போனேன். மருமகன் பாத்துட்டுக் கையப் பிடிச்சுட்டாரு. வைரஸாம். ஒன் கம்ப்யூட்டர அணைச்சுப் போடு மொதல்ல."

அணைத்தேன். அடுத்த அரை மணியில் ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து போன். பிறகு சபை குருவானவர் வீட்டிலிருந்து. எல்லாரும் அதையே சொன்னார்கள். வார்டில் தவறு செய்துவிட்டு மேட்ரன் முன்னால் நின்ற நாள்போல, ஒவ்வொருவரிடமும் "சாரி, சாரி" என்றேன்.

மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜமீலாவைக் கூப்பிட்டிருக்கிறேன். நாளைக் காலை வருகிறாளாம். அதுவரை கம்ப்யூட்டரிலிருந்து டெலிபோன் வயரைப் பிடுங்கிவிடச் சொன்னாள். பிடுங்கிவிட்டேன்.

8 அக்டோபர், வெள்ளி

ஜமீலாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். அவளுடைய இரண்டாவது பிரசவம் எங்கள் ஆஸ்பத்திரியில்தானாம். எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருக்கிறது.

வந்ததும் அந்த மெயிலைக் காட்டச் சொன்னாள்.

"சிஸ்டர், இது படமே இல்ல. பேரு ஜேபிஜின்னு முடியுற மாதிரி இருக்குல்லா? அதுக்கப்புறம் வெறும் இடமா விட்டு, கண்ணுக்குத் தெரியாத தூரத்துல இஎக்ஸ்இன்னு போட்டிருக்கான் பாருங்க. இது புரோகிராம். நீங்க ஒரு தட்டு தட்டுனதும் உள்ள ஓட ஆரம்பிச்சிட்டு."

"ஏழெட்டு தட்டுத் தட்டினேன்."

அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண்.

"உங்க அட்ரஸ் புக்கில எத்தன பேரு?"

"தொண்ணூத்தி நாலு."

"அத்தன பேருக்கும் போயிருக்கும். எங்க போனாலும் மொதல்ல அங்க இருக்குற போட்டோவ எல்லாம் அழிச்சுட்டு அதே பேர்ல தன்னையே எழுதிரும். உங்க போட்டோல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

இதில் போட்டோ எதுவும் வைக்கவில்லை என்றேன். அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"யாரு அனுப்புனது? எப்சிபான்னு இருக்கு."

"கூடப் படிச்சவ. மஸ்கட்ல இருக்கா."

"அவங்க அனுப்பியிருக்க மாட்டாங்க சிஸ்டர். வேற யாரோட மிஷின்லயோ இது புகுந்திருக்கும். அதுல உங்க பேரும் இருந்திருக்கும், அவங்க பேரும் இருந்திருக்கும். ஒரு பேர எடுத்து மேல ஒட்டிக்கிட்டு இன்னொரு பேருக்குப் போகும். சில நேரம் சொந்த மிஷின்காரங்க பேர்லயே போகும், இப்ப உங்க பேர்ல போன மாதிரி."

"அப்ப அவ எனக்கு ஒண்ணுமே எழுதலியா?"

"இல்ல சிஸ்டர். இதுல இருக்குற ரெண்டு வரியும் எல்லாருக்கும் போற வரிதான்."

டீ போட்டுக் கொடுத்தேன். ஜமீலா கம்ப்யூட்டரைக் கடைக்கு எடுத்துப் போய்விட்டாள். போகும்போது, எல்லாருக்கும் மெயிலில் எச்சரிக்கை அனுப்பினால் யாரும் நம்பமாட்டார்கள், அதையும் வைரஸ் என்று நினைப்பார்கள், போனில் சொல்வதுதான் நல்லது என்றாள்.

முப்பது வருடம் மாணவிகளுக்குத் தொற்றுப் பரவாமல் காப்பது எப்படி என்று பாடம் எடுத்தேன். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் கை கழுவாத பெண்ணை வராந்தாவில் நிற்க வைத்திருக்கிறேன்.

9 அக்டோபர், சனி

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். பழைய டைரியில் எல்லார் நம்பரும் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் டிக். மதியம் வரை முப்பத்தொரு பேர்.

கமலா: "நான் தொறக்கவே இல்ல தங்கம், எனக்கு அதெல்லாம் பேரன்தான் பாப்பான். அது கெடக்கட்டும், வயலட் நம்பர் இருக்கா?"

டாக்டர் பொன்னையா: "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்களா? எப்போ?" மே மாதம் என் பிரிவு உபசாரத்தில் பேசியவர் அவர்தான்.

தேஸ்பூரில் இருக்கும் மரகதம் நெடுநேரம் பேசினாள். அவளுடைய முட்டி, அவளுடைய மருமகள், அவளுடைய கிணறு. நான் இரண்டு தடவை "சரி, அந்த மெயிலத் தொறக்காத" என்றேன். "சரிட்டி சரிட்டி" என்றாள். போனை வைத்தபோது காது சுட்டது. இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

இதுவரை யாரும் திறக்கவில்லை. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

10 அக்டோபர், ஞாயிறு

ஆராதனைக்குப் போய்வந்து மீதியையும் முடித்தேன். தொண்ணூற்று நான்கில் தொண்ணூற்று மூன்று டிக். மஸ்கட் நம்பர் மட்டும் கிடைக்கவில்லை.

இட்லிதான் இரவுக்கும்.

12 அக்டோபர், செவ்வாய்

மழை பிடித்துவிட்டது. மஸ்கட் நம்பர் கிடைக்கவில்லை என்று எழுதியது பொய். நான் அதைச் சுழற்றவே இல்லை.

13 அக்டோபர், புதன்

ஜமீலா கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து கொண்டுவந்தாள். மழையில் நனையாமல் இருக்க அதற்கு ரெயின்கோட் போட்டிருந்தாள், அவள் நனைந்து வந்தாள். துண்டு கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். இனிமேல் கோப்பின் முழுப் பெயரும், வால் உட்பட, தெரியும்படி மாற்றிவிட்டாள். வைரஸ் தடுப்பு புரோகிராமை வாரம் ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பழைய தடுப்பூசி புது நோய்க்கு ஆகாது என்று எனக்குப் புரிகிறமாதிரி சொன்னாள். முக்கியமானதையெல்லாம் சிடியில் ஒரு பிரதி எடுத்து அலமாரியில் வைக்க வேண்டும்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சிஸ்டர். தெரிஞ்சவங்க பேரு இருந்தாலும் தட்டாதீங்க. தெரிஞ்சவங்க பேர்லதான் வரும். போன் போட்டு, நீ அனுப்புனியான்னு ஒரு வார்த்த கேட்டுக்கோங்க."

"பேச்சு வார்த்தையே இல்லாதவங்கன்னா?"

கேட்ட பிறகுதான் ஏன் கேட்டோம் என்று இருந்தது. ஜமீலா துண்டை மடித்துக்கொண்டே, "அப்படின்னா தொறக்காம அழிச்சுருங்க" என்றாள்.

15 அக்டோபர், வெள்ளி

காலையில் ரூபி.

"எப்சிக்கு நீ போன் பண்ணலியா?"

போன் வயரை விரலில் சுற்றினேன்.

"செவ்வாக்கெழம சாயங்காலம் அவ தொறந்துட்டாட்டி. எல்லாம் போச்சு. அவ அம்மா போட்டோ பூராவும் அதுலதான் இருந்துச்சாம். போன வருசம் ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணி ஏத்துனாளாம். அசல ஊர்ல தம்பி வீட்டு டிரங்குப் பெட்டில வச்சாளாம், அது கரையான் அரிச்சுப் போச்சாம். எனக்குப் போன் பண்ணி அழுதா. எல்லாருக்கும் சொன்னியே தங்கம், அவளுக்கு மட்டும் ஏன் சொல்லல?"

செவ்வாய் மாலை. நான் சனிக்கிழமை சொல்லியிருக்கலாம். ஞாயிறு சொல்லியிருக்கலாம். திங்கள் சொல்லியிருக்கலாம். செவ்வாய் பகலில்கூட.

மதியம் ஜமீலா கடைக்கு நடந்தே போனேன். அப்படி அழிந்த படங்களை மீட்க முடியுமா என்று கேட்டேன். "வெறுமன அழிச்சிருந்தா பாக்கலாம் சிஸ்டர். அது மேலயே எழுதிட்டா வராது" என்றாள்.

16 அக்டோபர், சனி

மழையில் டெலிபோன் செத்துவிட்டது. தெரு முழுக்க இல்லை.

நிம்மதியாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

18 அக்டோபர், திங்கள்

போன் இல்லை. சேலைகளுக்கு நாப்தலின் உருண்டை வைத்தேன். அலமாரியைத் துடைத்தேன். கடைவீதியில் டெலிபோன் பூத் ஒன்று இருக்கிறது, அங்கே இணைப்பு வேலை செய்கிறதாம். கீழ்வீட்டு அம்மா சொன்னாள். மழை விடட்டும் என்று இருந்தேன். மழை விட்டது. போகவில்லை.

20 அக்டோபர், புதன்

எழுதிவிடுகிறேன். இதை வேறு யார் படிக்கப்போகிறார்கள்.

தொண்ணூற்றைந்து ஆகஸ்ட். எப்சிபாவின் அம்மா ரத்தினம்மாள் இடுப்பெலும்பு முறிந்து என் வார்டில் சேர்ந்தார்கள். தம்பியும் தம்பி மனைவியும் பார்த்துக்கொண்டார்கள். எப்சி மஸ்கட்டிலிருந்து தினமும் சாயங்காலம் வார்டு போனுக்குக் கூப்பிடுவாள். நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் அவள் அங்கே இருந்தாள். படிக்கிற காலத்தில் மூன்று வருடமும் எனக்கு அடுத்த கட்டில் அவளுடையது. லீவுக்குப் போக எனக்கு வீடு இல்லாதபோதெல்லாம் நாசரேத்தில் அவள் வீட்டுக்குத்தான் போவேன். ரத்தினம்மாள் எனக்குத் தலையில் எண்ணெய் வைத்து விட்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் மாலை ஆறு மணி. மூன்று புதுக் கேஸ் ஒன்றாக வந்திருந்தது. போனில் எப்சி.

"அம்மா எப்படி இருக்காட்டி? நான் கெளம்பி வரட்டுமா?"

"நல்லாத்தான் இருக்காங்க. நீ ஒண்ணும் கவலப்படாத. இப்ப வர வேண்டாம்."

நோயாளியின் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் நான் சொல்கிற வாக்கியம் அது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு அந்தக் கட்டில் பக்கம் நான் போகவே இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு ரத்தினம்மாள் போய்விட்டார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி. பிறகு சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். மாலை நான்கு மணிக்கு ஒரு மாணவி மூச்சு எண்ணிக்கையை எழுதியிருந்தாள். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு, இருபதைத் தாண்டக் கூடாதது. கண்ணில் படும்படியாகத்தான் எழுதியிருந்தாள்.

அடக்கத்துக்கு எப்சியால் வந்து சேர முடியவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள்.

"நான் போன் பண்ணுனப்ப நீ அம்மாவப் பாத்துட்டுத்தான் சொன்னியா?"

"பாத்துட்டுத்தான் சொன்னேன்" என்றேன்.

கையை விட்டுவிட்டாள். ஒன்பது வருடம்.

ரூபிதான் மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுடைய மெயில் விலாசத்தைக் கொடுத்தாள். டைரியில் குறித்து வைத்து, கம்ப்யூட்டர் வந்ததும் ஏற்றினேன். ஒரு வரி எழுதியதில்லை. ஆறாம் தேதி அவள் பெயர் திரையில் வந்தபோது, படம் திறக்கிறதா இல்லையா என்பதுகூட எனக்கு அப்புறம்தான்.

23 அக்டோபர், சனி

மாலை நான்கு மணிக்கு டெலிபோன் உயிர் பெற்றது. ரிசீவரை எடுத்து டயல் சத்தத்தைக் கேட்டேன். வைத்தேன். மாத்திரை போட்டுக்கொண்டேன்.

24 அக்டோபர், ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டியூட்டி தவிர வேறு காரணத்துக்காகப் போகாத ஞாயிறு இதுதான்.

ஒன்பது மணிக்கு நம்பரைச் சுழற்றினேன். அங்கே ஏழரை. ஆறேழு முறை மணி அடித்தது. வைத்துவிடலாம் என்று ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கிற நேரத்தில், "ஹலோ?"

குரல் மாறவே இல்லை.

"எப்சி. நான் தங்கம்."

பின்னால் ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது.

"ரூபி சொன்னா. போட்டோ எல்லாம் போச்சுன்னு. எனக்கு முன்னாடியே தெரியும், அந்த மெயில் ஒனக்கும் வந்திருக்கும்னு. தொண்ணூத்தி மூணு பேருக்கு போன் பண்ணுனேன். ஒனக்குப் பண்ணல."

"தெரியும்."

"நம்பர் இருந்துச்சு. பண்ணல."

"அதான் தெரியும்ங்கேன்லா." அவளே தொடர்ந்தாள். "இங்க ஆஸ்பத்திரில மாசா மாசம் சுற்றறிக்க வரும், தெரியாதத தொறக்காதேன்னு. நாந்தான் என் வார்டு பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுவேன். ஒன் பேரப் பாத்ததும் கண்ணாடிகூடப் போடல. ரொம்ப நாளா அனுப்ப நெனச்சதுன்னு வேற போட்டிருந்துச்சு. தொறந்துட்டேன்."

"எனக்கும் ஒன் பேர்லதான் வந்துச்சு."

"என் பேர்லயா? நான் அனுப்பலியே."

"தெரியும். இப்ப தெரியும்."

நான் சொல்ல வந்ததை இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்சி, நான் பாக்கல."

"எத?"

"அம்மாவ. அன்னைக்கு நீ போன் பண்ணுனப்ப. பாத்துட்டுத்தான் சொன்னேன்னு ஒங்கிட்ட சொன்னேன். நான் பாக்கல. மத்தியானத்துக்கப்புறம் அந்தக் கட்டில்கிட்டயே போகல. எல்லாருக்கும் சொல்லுதத ஒனக்கும் சொன்னேன். சார்ட்ல மூச்சு முப்பத்திரண்டுன்னு எழுதியிருந்துச்சு. பாத்திருந்தா வான்னு சொல்லியிருப்பேன்."

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"தம்பி பொண்டாட்டி அன்னைக்கே சொல்லிட்டா" என்றாள். "நீ எட்டிக்கூடப் பாக்கலன்னு. அது தெரிஞ்சுதான் ஒங்கிட்ட கேட்டேன். நீ பாக்கலன்னு சொல்லியிருந்தா ரெண்டு அறை அறஞ்சுட்டு, ஒன் மடியிலயே விழுந்து அழுதிருப்பேன். எனக்கு வேற யாரு இருந்தா அழ?"

நான் அழுதேன். வார்டில் முப்பத்தேழு வருடம் அழாதவள். அவள் போனை வைக்கவில்லை.

"போட்டோ ஒண்ணும் மிஞ்சலியா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. அம்மா கொடிமரத்துக்கிட்ட நிக்கற போட்டோ ஒண்ணு இருந்துச்சு. அது போனதுதான் தாங்கல." பிறகு, "மன்னிச்சிட்டேன்னு எனக்கு இப்ப சொல்ல வரல தங்கம்."

"சொல்ல வேண்டாம்."

"நைட் டியூட்டி முடிச்சு வந்தேன். தூங்கணும்."

"சரி."

"இன்னைக்கும் நைட்டுதான். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ரூமுக்கு வந்துருவேன்." நான் வெறுமனே "சரி" என்றேன். அவள் சற்று எரிச்சலாகவே சொன்னாள். "நம்பர் இருக்குல்லா?"

25 அக்டோபர், திங்கள்

நாலரைக்கு விழிப்பு. தண்ணீர் பிடித்தேன். தோசை வார்த்தேன். எட்டரைக்கு போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அங்கே ஏழு. சுழற்றினேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சாப்பிட்டியாட்டி?" என்றாள்.